இருபதாவது பெயர்

1991 ஜூன் 3, திங்கள்

இந்த டயறி பாயிஸ் நானா தந்தது. அவருடைய அக்குறணைத் துணிக்கடைக்கு ஏதோ காப்புறுதிக் கொம்பனி கொடுத்ததாம். அரை வருஷம் போன பிறகு வீட்டுக்காரர் வாடகைக்காரருக்குத் தரும் பரிசு. ஜனவரி தொடக்கம் மே வரைக்கும் வெறும் தாள். அந்த ஐந்து மாதமும் இந்தப் பத்மாதேவி சும்மா இருந்தாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. மகள் நிரோஜாவுக்குப் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருந்தேன்.

வருகிற தை மாதம் முதலாம் ஆண்டு. கண்டியில் மாப்பிள்ளை எடுப்பதுகூட இதைவிடச் சுலபம்.

தபால் கந்தோரில் எனக்குப் பதிவுத் தபால் கவுண்டர். இந்த நகரத்தில் யாருடைய பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போகிறது என்று முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்க்கும் நவரட்ணராஜா இன்று மூன்று நீள உறைகள் கொண்டுவந்தார். மூன்றும் மூன்று பள்ளிக்கூடம். விலாசம் தெரியாமல் குப்புற வைத்துத் தந்தார். குப்புற வைத்தால் நான் எப்படிப் பதிவது? திருப்பிப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தோம்.

கொழும்பிலிருந்து இரஞ்சிதம் அக்காவின் கடிதம். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாமாம். “பேர் சொன்னால் சனத்துக்கு விளங்க வேணும்” என்று எழுதியிருக்கிறா.

ஜூன் 8, சனி

வீட்டுக்கு மேலே மேட்டில் பெத்தானியா பாடசாலை. எட்டு வருஷமாக அதன் மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழும்புகிறேன். உள்ளே போனது இன்றைக்குத்தான்.

அதிபர் மிஸ் கிரேஸ் அருளம்பலம். அறுபது வயது இருக்கும். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. கதிரையைக் காட்டிவிட்டுத் தான் நின்றுகொண்டே கதைக்கிற ஆள்.

“மிஸ், இது அரசாங்கப் பள்ளிக்கூடமோ, தனியார் பள்ளிக்கூடமோ?” என்று கேட்டேன்.

“உதவி பெறும் பாடசாலை. கட்டடம் திருச்சபையின்ரை. அதிபரை வைக்கிறதும் சபை. ரீச்சர்மாரின்ரை சம்பளமும் புத்தகமும் அரசாங்கம். பாடத்திட்டம் எல்லாருக்கும் உள்ளதுதான். பிள்ளையளிட்டைக் காசு வாங்கேலாது.”

“அப்ப பிழை நடந்தா ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”

“என்னட்டை. உந்தப் படிக்குக் கீழைதான் குடியிருக்கிறன். ஓடி ஒளிக்க இடமில்லை.”

எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. ஆனால் இங்கே இப்போது சிங்கள வகுப்பு மட்டும்தான். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போக, தமிழ் வகுப்பை மூடிவிட்டார்களாம். இருபது பிள்ளைகளின் பெயர் கொடுத்தால் திணைக்களம் மறுபடி ஒரு ரீச்சர் தரும். ஒக்ரோபர் முப்பத்தொன்று கடைசி நாள்.

“இப்ப எத்தனை பேர் மிஸ்?”

“உம்மடை பிள்ளையோடை ஒண்டு.”

வெற்றுப் படிவங்களை ஒரு கட்டாகத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டா. நான் இடம் கேட்கப் போனவள். வேலையோடு திரும்பி வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

இவர் காலையிலேயே பெத்தானியா வாசல் வரை நடந்து அளந்துவிட்டு வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தாராம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் கீறுகிற மனிஷன். அளக்காமல் எதையும் நம்பமாட்டார்.

எனக்கு வேண்டியதும் அதுதான். நடந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடிய தூரம். ஏன் என்று எழுதப் போவதில்லை.

“அரசாங்கம் காசு குடுக்குது, சபை நடத்துது. இதை நான் சனத்துக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?” என்று கேட்டேன். பென்சிலை எடுத்து ஒரு குளம், ஒரு வாய்க்கால், நடுவில் ஒரு மதகு கீறினார். “தண்ணி அரசாங்கத்தின்ரை. மதகு சபையின்ரை. வயல் எங்கடை.” கலியாணம் முடித்து ஏழு வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இது.

ஜூன் 17

ஒருவரும் சேரவில்லை. எல்லோரும் இவருடைய குளப் படத்தைப் பார்த்து “வடிவாக் கீறியிருக்கிறார்” என்கிறார்கள்.

ஜூன் 22, சனி

கீழ்வீட்டு றலியா ராத்தாவோடு மடவளைக்குப் போனேன். பாயிஸ் நானாவின் மனைவி. அவவின் மகன் இல்ஹாமுக்கும் நிரோஜாவின் வயதுதான். முதலில் சம்மதம் சொன்னது ராத்தாதான். ஆனால் ஒரு நிபந்தனை: “தனியப் போட மாட்டன் பத்மா. எங்கட ஆக்கள் அஞ்சாறு புள்ளயாவது ஈக்கோணும்.” அந்த அஞ்சாறு பேரைப் பிடிக்கத்தான் பயணம்.

மடவளையில் நாலு வீடு ஏறினோம். ஒவ்வொரு வீட்டிலும் வட்டிலப்பம். றலியா ராத்தாவின் மதினி பாயிஸா பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “இஸ்லாம் பாடத்துக்கு மௌலவி வருவாரா? ஜும்ஆவுக்கு நேரத்தோட விடுவாங்களா? செவுத்துல சிலுவ எவ்வளவு பெரிசு?” மூன்றாவதுக்கு இவரை அனுப்பி அளக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லா வீட்டிலும் பொதுவாக ஒரு கேள்வி: “இதுவரைக்கும் எத்தின பேர் ஈக்கிது?” முதலாவதாகச் சேர ஒருவரும் இல்லை. இரண்டாவதாகச் சேர ஊரே தயார். ஆகையால் பட்டியலில் முதலாவது வரியில் மையால் எழுதினேன்: நிரோஜா விவேகானந்தன். எழுதியதைக் காட்டியதும் பாயிஸா பேனாவை வாங்கினா.

ஜூன் 30, ஞாயிறு

இவருடைய கந்தோரில் காவல் இருக்கும் வோச்சர் கறுப்பையா வந்தார். மடுல்கெல்லைத் தோட்டத்துக்காரர். கிழமைக்கு ஒருதரம்தான் வீட்டுக்குப் போவார். மகள் ஜெயக்கொடியை இங்கே மஹியாவையில் தன் கொழுந்தியாள் கமலத்தோடு விட்டுப் படிக்கவைக்க வேண்டுமாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார். ஒருவர் சம்பளத்தன்று மட்டும் வருவார்.

இவர் குளப் படத்தை எடுத்து வைத்தார். கறுப்பையாதான் அதை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள்.

“மதகுக்காரரு மூடிப்புட்டா என்னாங்க செய்றது?”

“நாங்கள் இருபது குடும்பமும் போய்ச் சத்தம் போடுறது” என்றேன்.

“சத்தம் போட உடுவாங்களா அம்மா?” என்று சிரித்தார். பிறகு, “சப்பாத்து கட்டாயமுங்களா?”

கட்டாயமில்லை என்றேன். மஹியாவை மாநகரசபைத் தொழிலாளர் லைன் வீடுகளில் கமலத்தைப் போய்ப் பார்த்தோம். கமலம் என்னையும் பட்டியலையும் ஏற இறங்கப் பார்த்தது. “இதுக்கு முன்ன இப்படித்தான் ஒரு அம்மா பேரு எழுதிக்கிட்டுப் போனாங்க. தையல் மிசினு தாறதா. இன்னைக்கு வரைக்கும் காணோம்.” ஆனாலும் அந்த லைனிலிருந்து நாலு பேர் தந்தது. கமலம் போட்ட அதட்டலில் ஐந்தாவதும் வந்தது.

ஜூலை 9, செவ்வாய்

பதினொரு பேர். படிவத்தின் அடியில் ஒரு உறுதிமொழி இருக்கிறது: “வேறெந்தப் பாடசாலைக்கும் நான் விண்ணப்பிக்கவில்லை.” பதினொரு பேரில் ஏழு பேருடைய பதிவுத் தபாலுக்கு நானே ரசீதுத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! நவரட்ணராஜாவும் கையெழுத்து வைத்திருக்கிறார். வலு வடிவான கையெழுத்து.

தொழில் ரகசியம். வாய் திறக்க முடியாது. சிரிப்பை அடக்கி அடக்கி வயிற்றுவலி.

வேறெங்கும் விண்ணப்பிக்காதவர் எனக்குத் தெரிந்து கறுப்பையா ஒருவர்தான். அவர் உறுதிமொழியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

சரி. இதையும் எழுதிவிடுகிறேன், பொய் எழுதுவதற்கு டயறி எதற்கு? போன சனிக்கிழமை கட்டுகாஸ்தோட்டைத் தபால் கந்தோரில் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, ஏரிக்கரைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒரு விண்ணப்பம் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். என்னுடைய கவுண்டரில் போட முடியுமா? இவருக்கும் தெரியாது. துண்டை, சான்றிதழெல்லாம் வைக்கும் ஓட்டப் பைக்குள் அடியில் வைத்திருக்கிறேன். அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல்தான். இல்லை — அக்காவைச் சாட்டக் கூடாது. எனக்கும் ஆசைதான். பேர் சொன்னால் சனத்துக்கு விளங்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

பெத்தானியா படிவத்தில் நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. பெயர் மட்டும்தான். கேட்டவர்களுக்கு, “ஒழுங்கு பண்ணுற ஆள் கடைசியா வைக்கிறதுதான் முறை” என்று ஒரு முறையை உண்டாக்கிச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 24, புதன்

ஆனையிறவில் சண்டை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கடிதம் வந்து ஐந்து கிழமை. கந்தோரில் வடக்குத் தபால் பை வந்தால் நான்தான் முதலில் எழும்பிப் பார்க்கிறேன். இன்றும் இல்லை.

பதினான்கு பேர்.

ஓகஸ்ட் 10, சனி

திணைக்களம் வதிவிட அத்தாட்சி கேட்கிறது. காணி உறுதி, அல்லது வாக்காளர் பட்டியல். நாங்கள் வாடகைக்காரர். கமலத்தின் லைன் அறை மாநகரசபையின் சொத்து. கறுப்பையாவின் பெயர் எந்த வாக்காளர் பட்டியலிலும் இல்லை. அவர் பிறந்த நாளிலிருந்து எந்த நாட்டுக்காரர் என்று இந்திய, இலங்கை அரசாங்கம் ரெண்டும் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததாம்.

மிஸ் கிரேஸ் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தா. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. பொலிஸ் பதிவு! வீட்டில் இருக்கும் தமிழர் ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தோம், எப்போது வந்தோம், ஏன் வந்தோம், எப்போது போவோம் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோமே! உறுதி உள்ளவனுக்குக்கூட இவ்வளவு விபரமான அத்தாட்சி கிடையாது. வயது, உயரம், காது மச்சம் எல்லாம் உண்டு.

மிஸ் கிரேஸ் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு மேசையில் கையடித்துச் சிரித்தா. “எங்களைப் பிடிக்க வைச்ச கடுதாசி, எங்கடை பிள்ளையளைச் சேர்க்க உதவப் போகுது.”

நானும் சிரித்தேன். அந்தப் படிவத்துக்காக முதல்முதல் வரிசையில் நின்ற அன்று வீட்டுக்கு வந்து அழுதேன் என்பதை அவவுக்குச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 21, புதன்

மானம் போய்விட்டது. ஒழுங்காக எழுத வருகுதோ பார்ப்போம்.

பெரஹரா ஊர்வல நாட்கள். அதனால் வீடு வீடாகச் சோதனை. பின்னேரம் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ரெண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். றலியா ராத்தா, பாவம், எங்களுக்காகக் கதைக்க மேலே வந்து நின்றா. அந்தாள் பொலிஸ் பதிவுப் படிவத்தைக் கேட்டார். எங்கள் வீட்டில் பத்திரம் என்றால் ஓட்டப் பைதான். வாசல் ஆணியில் தொங்குகிற நீலப் பை. எண்பத்துமூன்றிலிருந்து எல்லாச் சான்றிதழும் அதற்குள்தான். ஓட வேண்டி வந்தால் அதை ஒரு கை, பிள்ளையை ஒரு கை.

நான் எடுக்கிறேன் என்று சொல்வதற்குள் இவர் பையைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டார். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, நான் அடியில் ஒளித்திருந்த, முந்தாநாள் வந்த கடிதம். ஏரிக்கரைப் பெரிய பள்ளிக்கூடம். நேர்முகத்துக்கு அழைப்பு.

இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதலில் எடுத்தார். வாசித்தார். முகம் மாறியது. என்னை உள்ளே போடப் போகிறார் என்று நினைத்தேன். “நோனா, நேர்முகம் கிடைச்சதா? எப்படிக் கிடைச்சது?” என்று சிங்களத்தில் கேட்டார். அவருடைய மகளுக்கும் முதலாம் ஆண்டாம். மனைவி மூன்று மாதமாக அலைகிறாவாம். பிறகு சோதனை எங்கே? கதிரையில் உட்கார்ந்து, தூரத்துக்கு எத்தனை புள்ளி, பெத்தானியாவில் சிங்கள வகுப்பில் இடம் இருக்கிறதா என்று அரை மணித்தியாலம் விசாரணை. இவர் குளப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அந்தாள் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் கீறிக்கொண்டு போனார். கட்டிலுக்கடியில் பார்க்க மறந்தே போனார்கள்.

அவர்கள் போன பிறகு வீட்டில் மூன்று பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. றலியா ராத்தா இடுப்பில் கைவைத்தா. “மடவளை முழுக்க என்னய இழுத்துக்கிட்டுத் திரிஞ்சிட்டு, நீங்க மட்டும் ரகசியமா அங்க போட்டீங்களா பத்மா?” வாய்விட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்குள் அவவே கட்டிலில் உட்கார்ந்து, “நானும்தான் போட்டன்” என்றா. இல்ஹாமுக்கு ஆண்கள் பள்ளிக்கூடம். அக்குறணைத் தபால் கந்தோரில் போட்டாவாம். “ஒங்கட கவுண்டருல போட ஏலுமா?”

ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை.

ஓகஸ்ட் 23

ரெண்டு நாளாக இவர் பேசவில்லை. வழக்கமாகப் பேசாததுக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இன்று தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தினை அடி எண்டு அளந்தனீரோ?”

செப்டெம்பர் 12, வியாழன்

நேர்முகம். அழைப்பு வந்தபடியால் போய்ப் பார்ப்போம் என்று இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று பேர் மேசைக்குப் பின்னால். பாடசாலைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இவரைக் கேட்டார்கள். “வாய்க்கால் கீறுவன்” என்றார். நான் காலால் மிதித்தேன்.

பிறகு நிரோஜாவிடம், “உங்கட வீட்டில் என்னென்ன இருக்கு, சொல்லுங்கோ” என்று ஒரு ரீச்சர் அன்பாகக் கேட்டா. நான் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: புத்தகம், கடிகாரம், வானொலி, பூக்கன்று. அவள் கையைக் கட்டிக்கொண்டு, “ஓடுறதுக்கு ஒரு பை இருக்கு” என்றாள்.

மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். எனக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம்போல் இருந்தது.

செப்டெம்பர் 30

பெத்தானியாவுக்குப் பத்தொன்பது கையெழுத்து. நவரட்ணராஜா விலகிவிட்டார், அவருக்கு வேறெங்கோ கிடைத்துவிட்டது. றலியா ராத்தா மடவளையிலிருந்து இன்னும் ரெண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வந்தா. இல்ஹாமுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. “நல்லதாப் போச்சு. இப்ப எனக்கு ஒரே மனசு” என்றா.

இருபதாவது, பட்டியலின் முதலாவது வரிதான், நிரோஜாவின் வரி. கையெழுத்து இல்லாத வரி.

ஒக்ரோபர் 21, திங்கள்

கிடைத்துவிட்டது! ஏரிக்கரைப் பெரிய பள்ளிக்கூடம்! கடிதத்தைக் கந்தோரிலேயே நாலு தரம் வாசித்தேன். ஒக்ரோபர் இருபத்தெட்டுக்குள் போய்ப் பதிய வேண்டும். அக்காவுக்கு ரெலிபோன் கோல் எடுத்தேன். “நான் சொன்னனான்” என்றா.

இவரிடம் காட்டினேன். வாசித்து, நாலாக மடித்துத் திருப்பித் தந்தார்.

ஒக்ரோபர் 24, வியாழன்

கறுப்பையா கவுண்டருக்கு வந்தார். பதிவுத் தபாலுக்கு அல்ல. ஒரு பேப்பர்ப் பொட்டலத்தில் தேயிலைத் தூள். கடையில் கிடைக்காத தூளாம், எனக்கென்று வாங்கி வந்தாராம். கூடவே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். கறுப்புச் சப்பாத்து, சின்ன நம்பர்.

“கட்டாயமில்லன்னு சொன்னீங்க. இருந்தாலும் முதல் நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போகட்டும்னு. இருபது ஆயிருச்சுங்களா அம்மா?”

“ஆயிடும்” என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முத்திரையை எடுத்து ஒன்றுமில்லாத கடதாசியில் நாலைந்து தரம் குத்தினேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். இவர் ஊற்றிவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல தேத்தண்ணி. ரெண்டு கோப்பை குடித்துவிட்டு அழுதேன்.

ஒக்ரோபர் 28, திங்கள்

பதியப் போனேன். லீவு போட்டு, நல்ல சேலை உடுத்து. வாசலில் நீள வரிசை. எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருக்கும்போது காவல்காரர் கேற்றைப் பூட்டினார். பஸ் நிலையத்தில் குண்டாம். நகரமெல்லாம் வீதி மூடியாயிற்று.

நடந்தேன். வேறென்ன செய்வது? ஏரியைச் சுற்றி வந்தால் ஒரு சோதனைச் சாவடி. அடையாள அட்டை. “யாழ்ப்பாணமா? எங்கே போகிறாய்? ஏன் போகிறாய்?” அடுத்த சந்தியில் இன்னொரு சாவடி. அதே கேள்வி. கடைகளெல்லாம் படார் படாரென்று கதவு போடுகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எழுத மாட்டேன் என்று ஜூனில் விட்டதை இன்று எழுதுகிறேன். எண்பத்துமூன்றில் அகதி முகாமில் என் பாய்க்குப் பக்கத்தில் லீலாதேவி என்று ஒரு அக்கா. கலவரம் தொடங்கியபோது மகன் பள்ளிக்கூடத்தில். யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று மூன்று நாள் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு சிங்கள ரீச்சர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தா. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நல்லாகச் சாப்பிட்டிருந்தான். புதுச் சட்டைகூடப் போட்டிருந்தான். ஆனால் அந்த அக்கா மூன்று நாளும் சோற்றுக் கோப்பையைப் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாவே — அந்த முகம். அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் அடிக்கணக்கு.

ரெண்டு மணித்தியாலம் நாற்பது நிமிஷம். வீட்டுக்கு வந்தால் நிரோஜா றலியா ராத்தாவின் குசினியில் இல்ஹாமோடு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். “அம்மா ஏன் சேலையெல்லாம் சேறு?” என்கிறாள்.

குண்டு என்ன தெரியுமோ? யாரோ ஒரு கிழவர் மறந்து விட்டுப்போன உரப்பை. உள்ளே பலாப்பழம். ராணுவம் கயிறு கட்டி இழுத்துப் பார்த்ததாம். ஒரு பழுத்த பலாப்பழத்துக்காக முழுக் கண்டியும் நடந்தது. சிரிக்கிறேன். என்னடி பத்மா, பேர் பேர் எண்டு திரிஞ்சியே. அந்தப் பேர் வந்து பிள்ளையைத் தூக்குமோ?

ஒக்ரோபர் 31, வியாழன்

வேலைக்குப் போகமுதல் மேட்டில் ஏறினேன். மிஸ் கிரேஸ் கரும்பலகையைத் தானே துடைத்துக்கொண்டிருந்தா. படிவத்தை வைத்துக் கையெழுத்து வைத்தேன். “வேறெந்தப் பாடசாலைக்கும் விண்ணப்பிக்கவில்லை” என்ற வரிக்கு மேலே பேனா ஒரு நிமிஷம் நின்றது. இப்போது என் பெயரில் வேறு விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

“மிஸ், இருபது. இனித் திணைக்களத்துக்கு எழுதலாம்” என்றேன், பெரிய தியாகி மாதிரி.

“போன கிழமையே இருபது எண்டு எழுதிப் போட்டன்.”

“நான் கையெழுத்து வைக்கேல்லையே!”

“கண்டி முழுக்க இவ்வளவு சத்தம் போட்டனீர். வராமல் எங்கை போவீர்? அதோடை, உம்மடை அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து வகுப்பறைக்குக் கதிரை அளந்துகொண்டு போறார்.”

எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

நவம்பர் 2

அக்கா பேசமாட்டாவாம். “பெத்தானியா எண்டால் ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டா. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல நினைத்தேன்.

நவம்பர் 19

அம்மாவின் கடிதம். செஞ்சிலுவைக்காரர் மூலம். ஓகஸ்டில் எழுதியது. சுகம். பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டாம்.

1992 ஜனவரி 6, திங்கள்

டயறி முடிந்துவிட்டது. போன வருஷத்து வெற்று ஜனவரித் தாளில் எழுதுகிறேன். விட்டு வைத்தது நல்லதுதான்.

பாயிஸ் நானாவின் கடையில் எடுத்த புதுப் புத்தகப் பைக்குக் காலை ஏழு மணிக்குச் சிப் கழன்றுவிட்டது. பொம்மையை உள்ளே திணித்தால்? நிரோஜா ஒப்பாரி. மேலே முதல் மணி அடித்தாயிற்று. கையில் அகப்பட்டது வாசல் ஆணியில் தொங்கிய நீலப் பை. கட்டிலில் கவிழ்த்து, கிடந்த சான்றிதழ்களை அள்ளி அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியையும் கொப்பியையும் பொம்மையையும் அதற்குள் வைத்துக் கொடுத்தேன். பை அவளுடைய முழங்கால்வரை தொங்கியது. அதையே பெருமையாக இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய காலுக்கு அறுநூற்றெழுபது அடி வந்ததாம், இவர் எண்ணினார்.

வாசலில் கமலம் ஜெயக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. சப்பாத்து கடிக்கிறது என்று பிள்ளை காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. கறுப்பையா லீவு எடுத்து மடுல்கெல்லையிலிருந்து விடியவே வந்து, மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்கோ என்று கூப்பிட்டேன். “பள்ளிக்கூடத்துக்குள்ள நான் வந்து என்னாங்க செய்யப்போறேன்” என்றார். மிஸ் கிரேஸ் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தா.

திணைக்களத்திலிருந்து ஒருவர் தலை எண்ண வந்திருந்தார். முதல்தரம் பத்தொன்பது. றலியா ராத்தா ஆணையிடுகிற குரலில் “இல்ஹாம்!” என்றா. மேசைக்கடியிலிருந்து இருபதாவது தலை வந்தது.

பின்னேரம் இவர் கந்தோரிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வெறும் ஆணியைப் பார்த்தார்.

“பை எங்கை?”

“நாளைக்கும் அதைத்தான் கொண்டுபோவாவாம். புதுப் பை வேண்டாமாம்.”

“அப்ப சான்றிதழெல்லாம்?”

“அலுமாரியிலை.”

இவர் எழும்பி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து ஆணியைப் பிடுங்கினார்.

அலுமாரியைப் பூட்டிய திறப்பைக் காலை அவசரத்தில் எங்கே வைத்தேன் என்று இன்னும் ஞாபகம் வரவில்லை. நாளைக்குத் தேடலாம்.